ஏழாவது தட்டு

பாக்கியலட்சுமி மீனுக்கு மஞ்சள் தடவிவிட்டாள். தடவி முடித்த பிறகுதான் உறைத்தது. ஐயோ என்று கையை உதறினால் மஞ்சள் போய்விடுமா? குழாயைத் திறந்துவிட்டுத் தேய் தேய் என்று தேய்த்துப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று வந்த வௌவால் மீன், நலங்கு வைத்த மாப்பிள்ளை மாதிரி மஞ்சள் பூசிக்கொண்டு கிடந்தது. அரிசி டின்னில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசிக் காணொளியிலோ, ஒரு சீனத்துப் பெண் பளபளவென்ற ஒரு மீனைத் தட்டில் கிடத்தி, அதன் மேல் இஞ்சியை நூல் நூலாக அரிந்து தூவிக்கொண்டிருந்தாள். அவளுக்கென்ன, மகராசி.

நல்லவேளை, இது ஒத்திகை மீன்தான். நிஜ மீனுக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் பாக்கியம் தன் கையையே முறைத்துப் பார்த்தாள். மீனைக் கண்டால் மஞ்சள் டப்பாவுக்குப் போய்ப் பழகிய கை இது. அன்றைக்கும் இப்படிப் போய்த் தொலைத்தால்?

செங் என்கிற ஊரில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கிற அந்த வரிசை வீடுகளில் பாக்கியத்தின் சமையலை அறியாதவர்கள் கிடையாது. கோயில் அன்னதானத்துக்கு அண்டா அண்டாவாகச் சாம்பார் வைத்துவிட்டு, உப்புக்கூடப் பார்க்காமல் மூடியைப் போட்டுவிட்டு வருகிறவள். அப்பேர்ப்பட்டவள், ஒரு முட்டையை அவிக்கத் தெரியாமல் கைப்பேசிக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைகட்டி நிற்கும்படி ஆகிவிட்டது. காரணம் அவளுடைய முகம்தான்.

பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பாக்கியம் பிறப்பால் சீனப் பிள்ளை. மஸ்ஜித் தானா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த சிவசாமியும் ஜானகியும் வெகு காலம் பிள்ளை இல்லாமல் கிடந்தவர்கள். கோலா சுங்கை பாருவுக்குக் கருவாடு வாங்கப் போன இடத்தில், ஒரு மீனவர் வீட்டிலிருந்து அவளைக் கைக்குழந்தையாக வாங்கி வந்தார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். யாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதில்லை. காது குத்தினார்கள், தமிழ்ப்பள்ளியில் போட்டார்கள், வயதுக்கு வந்ததும் சடங்கு சுற்றினார்கள், தொழிற்சாலை பஸ் ஓட்டிய வீரப்பனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இப்போது அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி, வாயில் தமிழும் மலாயும். சீனத்தில் ஒரு வார்த்தை தெரியாது.

ஆனால் முகம் முகம்தானே. பாசார்ச் சந்தைக்குப் போனால் சீன வியாபாரிகள் சீனத்தில்தான் அவளிடம் பேசுவார்கள். அவள் மலாயில் பதில் சொன்னால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். நாற்பது வருஷமாக அதைச் சிரித்தே சமாளித்து வந்தவள்தான்.

போன வருஷம் அவளுடைய மகள் தேவிஸ்ரீ சும்மா இருக்கமாட்டாமல் அம்மாவின் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, இவருடைய சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தாள். பல மாதம் ஒன்றும் வரவில்லை. பிறகு கோலா சுங்கை பாருவிலிருந்து ஒரு பையன் எழுதினான்: இது அச்சு அசல் என் அம்மாவின் முகம். அந்த அம்மாதான் சியூ லான், பாக்கியத்தின் கூடப்பிறந்த அக்காள். மஸ்ஜித் தானாவில் ஒரு காப்பிக்கடையில் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மூக்கு, ஒரே காது, கோணலாக வளைந்த அதே சுண்டுவிரல். காப்பி ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் அழுதார்கள்.

பெற்றவள் இன்னும் இருக்கிறாள் என்றும் எண்பத்து நாலு வயதாகிறது என்றும் சியூ லான் மலாயில் சொன்னாள். பாக்கியம் பார்க்கவேண்டும் என்றாள். கிழவி முடியாது என்றுவிட்டாள். இன்னொரு முறை கேட்டபோதும் முடியாது. கடைசியில், சீனப் பெருநாளெல்லாம் கழிந்த பிறகு, சியூ லான் தொலைபேசியில் கூப்பிட்டு, அம்மா சம்மதித்துவிட்டாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் வீட்டுக்கு வந்து சாப்பிடுவாள் என்றாள். கூடவே தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள்.

"ஒரே ஒரு தடவைதான்னு சொல்லிட்டாங்க. அதுக்கு மேல கேட்கக்கூடாதாம்."

அந்த ஒரே ஒரு தடவை பாக்கியத்தின் தொண்டையில் மீன்முள்ளாய்ச் சிக்கிக்கொண்டது. ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு ஒரு மத்தியானச் சாப்பாடா? ஆனால் அவள் சமையல்காரி. சமையல்காரியின் புத்தி சமையல்கட்டைச் சுற்றித்தானே ஓடும். அம்மாவுக்குக் காரம் ஆகாது, மாட்டிறைச்சி தொடமாட்டாள், கடைச் சாப்பாட்டில் கை வைக்கமாட்டாள், வீட்டில் செய்த சாதாரணச் சீனச் சாப்பாடுதான் இறங்கும் என்று சியூ லான் சொன்னதும் பாக்கியம் முடிவு கட்டிவிட்டாள். அம்மா தன் வீட்டில் சாப்பிடுவது போலவே இங்கே சாப்பிடவேண்டும். அப்படிச் சாப்பிட்டால் இன்னொரு தடவை வருவாள். சாப்பாடு சொதப்பினால் அதோடு சரி. இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். எந்தச் சாமி வந்து சொல்லியிருந்தாலும் அவள் அதை மாற்றிக்கொண்டிருக்கமாட்டாள்.

கடையில் வாங்கிக் கிண்ணத்தில் மாற்றி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று வீரப்பன் ஒரு யோசனை சொன்னார். அவள் பார்த்த பார்வையில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அப்புறம்தான் இந்தக் காணொளிப் படிப்பு. மற்றவர்களெல்லாம் காட்டுவது ஓட்டல் சமையல், இவள் செய்வதுதான் வீட்டுச் சமையல் என்று தேவிஸ்ரீ தேடிப் பிடித்துக் கொடுத்தாள் அந்தச் சீனத்துப் பெண்ணை. யாரோ, எந்த ஊரோ. பழைய அடுப்பு, கரிபிடித்த குவாலிச் சட்டி, ஒரு வெட்டுப்பலகை. பெரும்பாலும் கைகள் மட்டும்தான் தெரியும். பேசுவது சீனம், கீழே ஓடுவது ஆங்கில எழுத்து. பாக்கியம் அதை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அவள் அடுத்த வேலைக்குப் போயிருப்பாள். போதாக்குறைக்கு எதற்கும் அளவு சொல்வதில்லை. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சோயாக் கிச்சாப், போதுமான தண்ணீர்.

"ஏண்டி, எவ்வளவுன்னு சொல்லித் தொலையேன்டி" என்று பாக்கியம் கைப்பேசியோடு சண்டை போடுவாள்.

"நீங்க மட்டும் அளவு சொல்வீங்களாமா? கை அளவுன்னுதானே சொல்வீங்க" என்று தேவிஸ்ரீ சிரிப்பாள்.

அதுவும் நிஜம்தான். பாக்கியம் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் கைகளையே பார்க்கலானாள். அந்தப் பெண்ணின் சுண்டுவிரல் நேராக இருந்தது. அதில்கூட அவளுக்கு ஒரு வருத்தம்.

கற்றதைவிட மறக்கவேண்டியதுதான் அதிகமாக இருந்தது. எண்ணெய் காய்ந்தால் கை கடுகைத் தேடியது. கீரையை வதக்கும்போது தேங்காயைத் தேடியது. முட்டையைத் தண்ணீரில் கலந்து ஆவியில் வைத்தால் பட்டுப்போல வரவேண்டுமாம். அவளுக்கு இட்லி மாதிரி பொத்தல் பொத்தலாக உப்பிக்கொண்டு வந்தது. இட்லிக்கு வைப்பது போல அடுப்பை முழுவதும் திறந்துவிட்டால் வேறு எப்படி வரும்? தீயைக் குறைத்து, மூடிக்கு ஒரு குச்சியை முட்டுக்கொடுத்து, ஆவி வெளியே போக வழி விடவேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் பிடித்தாள். அந்தப் பெண் அடிக்கடி பன்றியிறைச்சி சமைத்தாள். பாக்கியத்தின் வீட்டில் முருகன் படம் இருக்கிற சமையல்கட்டில் அது ஏறாது. அங்கெல்லாம் கோழியைப் போட்டுக்கொண்டாள். தோற்றுப்போன பதார்த்தங்களை எல்லாம் வீரப்பன் தின்று தீர்த்தார். பாவம் மனிதர், கடைசியில் ஒரு வாய் ரசத்தை ஊற்றித்தான் அவற்றை உள்ளே தள்ளுவார். ரசம் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

சாமான் வாங்கப் பாசாருக்குப் போன இடத்தில், தௌஹூ என்கிற சோயாக் கட்டி விற்கிறவர் வழக்கம்போலச் சீனத்தில் ஏதோ கேட்டார். அவள் மலாயில், மீன் அவிக்க எந்தக் கிச்சாப் நல்லது என்று கேட்டாள். சீன ஆள், சீனம் தெரியாது, கிச்சாப்பும் தெரியாது, என்ன பிழைப்பு இது என்று அவர் மலாயிலேயே சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. மெல்லிய கிச்சாப் புட்டி ஒன்றைத் தேடி எடுத்தும் கொடுத்தார். என்றைக்கும் சிரித்துவிட்டு நகர்கிறவளுக்கு அன்றைக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இதையே அந்தக் கிழவியும் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று வீடு வருகிறவரை நினைத்துக்கொண்டு வந்தாள்.

எப்படியோ ஆறு பதார்த்தம் கைக்கு வந்தது. இஞ்சி போட்டு அவித்த மீன், பட்டுப்போல முட்டை, தாமரைத் தண்டு சூப், காளான் போட்ட கோழி, தௌஹூ, பூண்டு போட்டு வதக்கிய சாவிக் கீரை. அவ்வளவுதான் செய்வது என்று வைத்துக்கொண்டாள். அதோடு நின்றிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.  பெருங்காய டப்பாவைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனாள். ஊறுகாய்ச் சாடி, மசாலாத் தூள், கறிவேப்பிலைக் கொத்து எல்லாம் பின்கட்டுக்குப் போயின. வீரப்பனுக்காக வைத்த ரசத்தையும் பின்கட்டு அடுப்பிலேயே வைத்து மூடி, மூடியின் மேல் ஈரத்துணியைப் போட்டாள். வாசம் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கக் கூடாது. தன் வீட்டைத் தானே துடைத்துத் துடைத்து, யார் வீடோ மாதிரி ஆக்கிவிட்டாள்.

கூடத்தில் சிவசாமி, ஜானகியின் படங்கள் மாலையோடு தொங்கின. அவற்றின் முன்னால் வந்து நின்றாள். வருகிறவளுக்கு இதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுமோ? ஜானகியின் படத்தின் மேல் கையை வைத்தாள். ஆணியிலிருந்து தூக்கக்கூடச் செய்தாள். அப்புறம் அவளால் முடியவில்லை. பால் கொடுக்க முடியாத மார்பில் போட்டுத் தூங்கவைத்தவளை இன்றைக்கு எந்த அலமாரிக்குள் வைப்பது? மறுபடி மாட்டிவிட்டு, கோணலாக இருக்கிறதா என்று பார்த்தாள். அம்மா என்கிற வார்த்தை இந்தப் படத்துக்குப் போய்விட்டது. வருகிறவளை என்னவென்று கூப்பிடுவது என்று அவள் கேட்டிருந்தாள். மலாயில் மாக் என்று கூப்பிடு, போதும் என்று சியூ லான் சொல்லியிருந்தாள். மாக், மாக் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மேசையில் தட்டுகளை அடுக்கும்போதுதான் வீரப்பன் வந்து எட்டிப்பார்த்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற மனிதரா அவர்?

"ஆறா வச்சிருக்கே? முதல் தடவை வராங்க, பெத்தவங்க. ஒத்தப்படையா வை லா. வரிசைத் தட்டு யாராச்சும் ஆறு வைப்பாங்களா?"

பாக்கியத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், எப்படி மறந்தாள்! நிச்சயத்துக்கு ஐந்து, ஏழு, ஒன்பது என்றுதானே தட்டு வைப்பது. மொய் எழுதினாலும் ஒன்று சேர்த்துத்தானே எழுதுவது. இவ்வளவு பாடுபட்டுக் கடைசியில் மங்கலம் இல்லாமல் வைக்கப் பார்த்தோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, குவாலியைத் திரும்ப அடுப்பில் ஏற்றினாள். தக்காளியும் முட்டையும் போட்டுப் பிரட்டுகிற ஒரு பதார்த்தத்தை அந்தச் சீனத்துப் பெண் ஒரு தடவை செய்திருந்தாள். அதைச் செய்து ஏழாவது தட்டாகக் கொண்டுவந்து வைத்தாள். இப்போதுதான் மேசை நிறைவாக இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. வாசலில் கார் நின்றது.

சியூ லானின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிய கிழவி, பாக்கியம் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். பூப்போட்ட சட்டை, கறுப்புக் காற்சட்டை, நரைத்த தலையில் ஒரு சீப்பு. பாக்கியத்தின் புடவையைப் பார்த்தாள், குங்குமத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மாக் என்று கூப்பிட பாக்கியம் வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

கூடத்தில் ஜானகியின் படத்துக்கு முன்னால் கிழவி நின்றுவிட்டாள். வெகு நேரம் நின்றாள்.  எடுத்து வைத்திருக்கவேண்டும், எடுத்து வைத்திருக்கவேண்டும் என்று பாக்கியத்தின் மனசு அடித்துக்கொண்டது. கிழவியோ இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, படத்தை நோக்கி மூன்று முறை ஆட்டி வணங்கினாள். பிறகு மேசைப் பக்கம் திரும்பினாள்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். தேவிஸ்ரீ சோற்றைக் கிண்ணங்களில் போட்டுவைத்தாள். கிழவி சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்தாள். மேசையை ஒரு சுற்றுப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து, ஒவ்வொரு தட்டாக, உதடு லேசாக அசைய எண்ணிக்கொண்டு வந்தாள். தக்காளித் தட்டுக்கு வந்ததும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டாள். சியூ லானின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

கிழவி சியூ லானிடம் சீனத்தில் ஏதோ கேட்டாள். சியூ லான் இல்லை இல்லை என்று வேகமாகத் தலையை ஆட்டினாள். கிழவி மறுபடி கேட்டாள். மறுபடி அவள் ஆட்டினாள். பாக்கியத்துக்கு உயிர் கையில் இல்லை. மீனைப் பார்த்தாள், மஞ்சள் இல்லை. முட்டையைப் பார்த்தாள், பொத்தல் இல்லை. பின்கட்டிலிருந்து ரசவாசம் வருகிறதா என்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். என்ன பிழை, எதில் பிழை? 

அப்போது கிழவி குச்சிகளை மறுபடி கையில் எடுத்தாள். ஒவ்வொரு தட்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட ஆரம்பித்தாள். அப்பாடா, சாப்பிடுகிறாள் என்று பாக்கியம் மூச்சு விட்டாள். அந்த நிம்மதி ஒரு வாய்ச் சோறு வரைக்கும்தான். கிழவியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக் கிண்ணத்துக்குள்ளேயே சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை, சாப்பிடுவதை நிறுத்தவும் இல்லை.

"என்னக்கா? என்ன தப்புப் பண்ணிட்டேன்?" என்று பாக்கியம் சியூ லானிடம் மலாயில் கேட்டாள்.

சியூ லான் சொல்ல மாட்டாமல் சொன்னாள். "ஏழு வச்சிருக்கேல்ல. எங்கள்ல சாவு எடுத்துட்டு வந்து சாப்பிடறப்போதான் ஏழு கறி வைப்பாங்க. வேற எதுக்கும் வைக்கமாட்டாங்க."

பாக்கியம் தக்காளித் தட்டைப் பார்த்தாள். சியூ லான் இன்னும் முடிக்கவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு, மெதுவாக மீதியையும் சொன்னாள். அப்பா கடலில் போனார், திரும்பி வரவில்லை. வீட்டில் ஏற்கெனவே பெண் குழந்தைகள், கைக்குழந்தைக்குப் பால் இல்லை. கருவாடு வாங்க வந்த தோட்டத்து அம்மாவிடம் பிள்ளையைக் கொடுத்தாயிற்று. பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டேன் என்று ஊரில் எப்படிச் சொல்வது? காய்ச்சலில் செத்துப்போயிற்று என்று சொல்லிவிட்டாள். சியூ லானே அப்படித்தான் நம்பி வளர்ந்தாள். தங்கச்சி செத்துப்போய்விட்டாள் என்று அழுதிருக்கிறாள்.

"இதை நான் உன்கிட்ட சொல்லிட்டேனான்னுதான் கேட்டாங்க. நான் சொல்லவே இல்ல. அவங்க நம்பல. நீ தெரிஞ்சே வச்சேன்னு நினைக்கிறாங்க."

கிழவி குனிந்தபடியே சீனத்தில் ஏதோ முணுமுணுத்தாள்.

"இப்ப என்ன சொல்றாங்க?"

"செத்துப்போச்சுன்னு சொன்னேன்ல, அந்தப் பிள்ளை வைக்கிற சாவுச் சோறு, நான் சாப்பிட்டுத்தான் ஆகணும்கிறாங்க."

பாக்கியம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மேசையைச் சுற்றி ஓடி, கிழவியின் காலடியில் தரையில் உட்கார்ந்து, குச்சி பிடித்த அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். கோணல் சுண்டுவிரல் அவள் உள்ளங்கையில் பட்டது. இவ்வளவு நேரம் வராத வார்த்தை இப்போது தானாக வந்தது.

"மாக், இல்ல மாக். எங்கள்ல ஒத்தையா வச்சாத்தான் நல்லது. கல்யாணத்துக்கு அப்படித்தான் வைப்போம். நல்லதுன்னு நினைச்சுத்தான் வச்சேன் மாக்."

மலாயும் தமிழும் கலந்து அவள் உளறிக்கொட்டினாள். ஆறுதான் வைத்திருந்தேன், இவர்தான் ஏழாக்கச் சொன்னார் என்று கணவரைக் கை காட்டினாள். வீரப்பன் போலீஸ் நிலையத்தில் பிடிபட்டவர் போலக் கையைத் தூக்கி, நான்தான், நான்தான் என்று மலாயில் ஒப்புக்கொண்டார். கல்யாணம் என்கிற சொல் கிழவிக்குப் புரிந்தது போலிருந்தது. சியூ லான் அதைச் சீனத்தில் திரும்பவும் சொன்னாள். கிழவி மேசையைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள். நம்புவதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை.

பாக்கியம் எழுந்து பின்கட்டுக்கு ஓடினாள். எட்டாக்கவேண்டும், இப்பவே எட்டாக்கவேண்டும். கையில் என்ன இருக்கிறது? மீன் தீர்ந்தது, முட்டை தீர்ந்தது. அடுப்பில் ஈரத்துணி போட்டு மூடிக் கிடந்தது ரசம். காரம் ஆகாது என்று சொல்லியிருந்தார்களே என்பது அவளுக்கு நினைவுக்கே வரவில்லை. ஒரு பெரிய கிண்ணத்தில் ஊற்றி, தளும்பத் தளும்பக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள். பெருங்காயமும் மிளகும் பூண்டும் வீடு முழுக்க மணந்தன. காலையிலிருந்து அவள் ஒளித்து வைத்த அத்தனையும் அந்த ஒரு கிண்ணத்தில் வெளியே வந்துவிட்டது.

"இது எட்டு" என்றாள் மூச்சிரைக்க.

கிழவி கிண்ணத்தை முகர்ந்தாள். என்ன சூப் இது என்று மலாயில் கேட்டாள். அந்த வீட்டில் அவள் பாக்கியத்திடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். எங்கள் சூப் என்றாள் பாக்கியம். வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சியூ லான் தடுப்பதற்குள் கிழவி ஒரு கரண்டி எடுத்துக் குடித்துவிட்டாள். இருமினாள். மூக்கில் நீர் வந்தது, கண்ணில் வந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று பாக்கியம் தலையில் கை வைத்தாள். கிழவி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி எடுத்தாள். அதற்கும் இருமினாள். பிறகு தன் சோற்றுக் கிண்ணத்தை ரசத்தின் பக்கம் நகர்த்தினாள். தேவிஸ்ரீ அதில் ஊற்றினாள்.

எல்லாரும் மறுபடி சாப்பிடத் தொடங்கினார்கள். மீனின் கன்னச் சதையைக் கிழவி குச்சியால் பெயர்த்தெடுத்தாள். அதைப் பாக்கியத்தின் கிண்ணத்தில் வைத்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டாள். பாக்கியம் அதை மென்றாளா விழுங்கினாளா என்று அவளுக்கே நினைவில்லை. முட்டை பட்டுப்போல வந்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

கிளம்பும் நேரம் வந்தது. ஒரே ஒரு தடவை முடிந்துவிட்டது. கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், பாக்கியமும் கேட்கவில்லை. கேட்டுவிடுவோமோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டு, கிழவியின் செருப்பை எடுத்து நேராக வைத்தாள். குனிந்து, அந்தக் கால்களில் அதை மாட்டியும் விட்டாள். கிழவி அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். தலையில் வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

காரில் ஏறி உட்கார்ந்ததும் கிழவி கண்ணாடியை இறக்கச் சொன்னாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, சண்டைக்கு வருகிறவள் போல மலாயில் சொன்னாள்.

"அடுத்த தடவை இவ்வளவு செய்யாதே. ரெண்டு போதும்."

வண்டி நகர்ந்தது. எந்த ரெண்டு என்று பாக்கியம் கேட்பதற்குள் அது தெருமுனையில் திரும்பிவிட்டது.